காமராசரும் காவல் துறையும்

கு. காமராசர் (காமராஜர், ஜூலை 15, 1903 - அக்டோபர் 2, 1975) விருதுநகரில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரரும், 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் (இன்றைய தமிழ்நாடு) முதலமைச்சராக இருந்தவரும் ஆவார். ஆங்கிலேயர் ஆட்சியில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்த இவர், முதலமைச்சர் பொறுப்பேற்றபோது காவல் துறையைத் தம்மிடமே வைத்துக் கொண்டார். தம்மைத் தேடிப் பிடித்த அதே துறைக்கு ஒருவர் தலைவரானது தமிழக வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்த ஒன்றன்று. இக்கட்டுரை காமராசரின் வாழ்க்கையை அவருக்கும் காவல் துறைக்கும் இடையே இருந்த தொடர்பின் வழியாக விவரிக்கிறது. அவருடைய கல்விப் பணி, மதிய உணவுத் திட்டம், அணைகள், தொழிற்பேட்டைகள் ஆகியவை தனியே எழுதப்பட வேண்டியவை. இங்கு அவை இடம்பெறவில்லை.

பின்னணி

காமராசர் பிறந்தபோது விருதுநகரின் பெயர் விருதுப்பட்டி. வணிகத்தில் முன்னேறி வந்த நாடார் சமூகத்தினர் மிகுதியாக வாழ்ந்த ஊர் அது. அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1899 ஜூன் மாதத்தில், அருகிலுள்ள சிவகாசி பெருங்கூட்டத்தால் தாக்கப்பட்டது. சிவகாசிக் கொள்ளை எனப்படும் இந்நிகழ்வும், அதையொட்டித் திருநெல்வேலிச் சீமையின் பல ஊர்களில் நடந்த தாக்குதல்களும் அவ்வட்டார மக்களின் நினைவில் நெடுங்காலம் நின்றன. இதனால் விருதுப்பட்டி வணிகர்களில் பெரும்பாலோர் அரசையும் காவல் துறையையும் தங்களுக்குப் பாதுகாப்பாகவே கருதினர். பிற்காலத்தில் அவர்களிடையே நீதிக்கட்சி செல்வாக்குப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அந்தச் சூழலில் ஓர் இளைஞர் காங்கிரசில் சேர்ந்து காவலர்களுடன் மோதியதை உறவினர்கள் விரும்பாதது வியப்பன்று.

இளமை

தந்தை குமாரசாமி நாடார், தாய் சிவகாமி அம்மாள். காமராசருக்கு ஆறு வயதானபோது தந்தை காலமானார். ஊர் மக்களின் பிடியரிசிக் கொடையால் நடத்தப்பட்ட சத்திரிய வித்தியாசாலையில் படித்த அவர், பன்னிரண்டு வயதளவில் படிப்பை நிறுத்தித் தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1919ஆம் ஆண்டு ஜாலியன்வாலா பாக் படுகொலைச் செய்தி அவரை அரசியலுக்கு இழுத்தது. அரசியலில் இருந்து விலக்குவதற்காகக் குடும்பத்தார் அவரைத் திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமனிடம் அனுப்பினர். அங்கிருந்து அவர் வைக்கம் சத்தியாக்கிரகத்துக்குச் சென்றார். குடும்பத்தாரின் முயற்சி அத்துடன் முடிந்தது. 1923இல் நாகபுரிக் கொடிப் போராட்டத்திலும், மதுரையில் கள்ளுக்கடை மறியலிலும் பங்கு கொண்டார்.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில்தான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தயாரிப்பைக் கற்றுவந்து தொழில் தொடங்கினர். மழை குறைந்த கரிசல் பூமியில் பிறந்த ஒரே தலைமுறையின் இருவேறு பாதைகள் இவை.

முதல் சிறைவாசம்

1930ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் நடந்த வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்து கொண்ட காமராசர் கைது செய்யப்பட்டு இரண்டாண்டுத் தண்டனை பெற்றார். கல்கத்தாவின் அலிப்பூர் சிறைக்கு அனுப்பப்பட்ட அவர், காந்தி - இர்வின் ஒப்பந்தத்தின் விளைவாக 1931இல் விடுதலையானார். சிறையில் இருந்தபோது அவரை வளர்த்த பாட்டி பார்வதி அம்மாள் நோயுற்றார். நிபந்தனையின் பேரில் வெளியே வந்து பார்க்க வாய்ப்பிருந்தும் காமராசர் அதை ஏற்கவில்லை.

1932இல் மீண்டும் கைது. இம்முறை திருச்சி, வேலூர் சிறைகள். வேலூரில் பகத் சிங்கின் தோழர்களான ஜெயதேவ் கபூர், கமல்நாத் திவாரி ஆகியோருடன் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அறவழிப் போராளியான அவர் வன்முறையாளர்களுடன் தொடர்புடையவர் என்று காவல் துறை ஐயுறுவதற்கு இப்பழக்கமும் இடமளித்திருக்கக்கூடும்.

விருதுநகர் வெடிகுண்டு வழக்கு

1933இல் விருதுநகர் அஞ்சல் நிலையத்திலும் திருவில்லிபுத்தூர் காவல் நிலையத்திலும் வெடிகுண்டு வைத்ததாக எழுந்த வழக்கில் காமராசரும் சேர்க்கப்பட்டார். (விருதுநகர் வட்டாரம் என்றாலே வெடிமருந்து என்று இன்று தோன்றலாம். ஆனால் சிவகாசியில் பட்டாசுத் தொழில் பெரிதாக வளர்ந்தது 1940களில்தான்; அக்காலத்தில் அங்கு நடந்தது தீப்பெட்டித் தொழில்.) அவருடைய நெருங்கிய அரசியல் தோழரான கே. எஸ். முத்துச்சாமியின் பெயரும் இவ்வழக்கில் அடிபட்டது.

இதுவரை காமராசர் மீது வந்த வழக்குகள் அவர் வெளிப்படையாகச் செய்தவற்றுக்கானவை. உப்பு எடுத்தார், மறியல் செய்தார், தண்டனையையும் மறுக்காமல் ஏற்றார். வெடிகுண்டு வழக்கு வேறு வகையானது. 1908ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டப்படி இத்தகைய குற்றத்துக்கு ஆயுட்கால நாடுகடத்தல் வரை தண்டனை விதிக்கலாம். குற்றம் உறுதியாகியிருந்தால் முப்பது வயதில் அவரது பொதுவாழ்வு முடிந்திருக்கும்.

மதுரை வழக்குரைஞர் ஜார்ஜ் ஜோசப்பும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் காமராசருக்காக வாதிட்டனர். குற்றச்சாட்டு ஆதாரமற்றது என நிறுவப்பட்டு அவர் விடுவிக்கப்பட்டார். ஜார்ஜ் ஜோசப் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட கள்ளர் சமூகத்தினருக்காகவும் வாதாடியவர்; காவல் துறை கொண்டுவரும் சான்றுகளைச் சோதித்துப் பார்ப்பதில் பழக்கமுள்ளவர்.

சிறையில் இருந்தபடியே நகராட்சித் தலைவர்

1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானபோது காமராசர் செயலாளரானார். 1937 தேர்தலில் சாத்தூர் தொகுதியில் போட்டியின்றிச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே தேர்தலில் இராமநாதபுரம் மாவட்டத்தில் காங்கிரசு வேட்பாளராக நின்று இராமநாதபுரம் அரசரை வென்றவர் முத்துராமலிங்கத் தேவர். அன்று இருவரும் ஒரே கட்சியின் இளம் தலைவர்கள். 1940இல் காமராசர் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானார். வாக்கு வேறுபாடு மூன்றே மூன்று.

அவ்வாண்டின் இறுதியில், தனிநபர் சத்தியாக்கிரகிகளின் பட்டியலுக்குக் காந்தியடிகளின் ஒப்புதல் பெற வார்தா செல்லும் வழியில் குண்டூரில் கைது செய்யப்பட்டார். போர் நிதிக்கு எதிராகப் பேசியதற்காக இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கு இருந்தபோதே 1941இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையான பின் மன்றக் கூட்டத்துக்குச் சென்று தலைவர் இருக்கையில் அமர்ந்த அன்றே பதவி விலகினார். முழு நேரமும் உழைக்க இயலாத பொறுப்பில் இருக்கலாகாது என்பது அவர் கருத்து.

1942: தலைமறைவும் கைதும்

காமராசருக்கும் காவல் துறைக்கும் இடையே நடந்தவற்றுள் அதிகம் பேசப்படுவது இந்நிகழ்ச்சிதான். 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரசுக் குழு வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தை நிறைவேற்றியது. மறுநாள் விடிவதற்குள் காந்தியடிகள் உள்ளிட்ட தலைவர்கள் கைதாயினர். சென்னை திரும்பும் பேராளர்களைத் தொடர்வண்டி நிலையங்களிலேயே பிடிக்கக் காவல் துறை காத்திருந்தது. சத்தியமூர்த்தி அவ்வாறே கைதாகி, உடல்நலம் குன்றி, 1943 மார்ச்சில் காலமானார்.

காமராசரும் கைதுக்கு அஞ்சுபவர் அல்லர். எனினும் போராட்டத்தின் திட்டம் இன்னும் மாவட்டங்களைச் சென்றடையவில்லை. அதை எடுத்துச் செல்ல வேண்டிய மாகாணத் தலைவர் அவரே. ஆகவே அவர் சென்னை வரை செல்லாமல் அரக்கோணத்திலேயே இறங்கினார். நிலையத்தில் நின்ற காவலர்கள் அவரை அடையாளம் காணவில்லை. அங்கிருந்து இராணிப்பேட்டைக்கும் பிறகு தஞ்சாவூர், திருச்சி, மதுரை முதலிய இடங்களுக்கும் சென்று, நம்பிக்கைக்குரிய தொண்டர்களைச் சந்தித்துச் செய்ய வேண்டியவற்றை விளக்கினார். கடைசியாக விருதுநகர் வந்து சேர்ந்தார்.

வேலை முடிந்ததும் தாம் வீட்டில் இருப்பதை உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு அவரே தெரிவித்தார். கைது செய்ய வந்த அதிகாரியின் பெயர் எழுத்தச்சன். காமராசர் ஊருக்கு வந்தது அவருக்கு முன்பே தெரியும் என்றும், ஓய்வெடுத்துக்கொண்டு பிறகு வரலாம் என அவர் சொல்லியும் காமராசர் உடனே புறப்பட்டார் என்றும் கூறப்படுகிறது. ஆங்கில அரசின் காவல் துறையிலும் தேசிய இயக்கத்தின்பால் பரிவுடைய அதிகாரிகள் இருந்தனர் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. வேலூரிலும் பின்னர் இன்றைய மகாராட்டிரத்தில் உள்ள அமராவதியிலும் வைக்கப்பட்ட அவர், 1945இல்தான் வெளியே வந்தார். அவரது சிறைவாசங்களுள் நீண்டது இதுவே.

காவல் துறைப் பொறுப்பில்

1954 ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார். எட்டுப் பேர் கொண்ட சிறிய அமைச்சரவை அது. கட்சித் தலைமைத் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அதில் சேர்த்துக் கொண்டார். நிதி, கல்வி போன்ற முதன்மையான துறைகள் சுப்பிரமணியத்துக்குச் சென்றன. உள்துறையைச் சேர்ந்த பொது நிர்வாகத்தையும் காவல் துறையையும் முதலமைச்சர் வைத்துக்கொண்டார்.

அவர் பொறுப்பேற்ற துறை அமைப்பளவில் புதியதன்று. 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டப்படியே அது இயங்கியது. 144ஆம் பிரிவுத் தடையாணை, அறிக்கை கேட்டு நடவடிக்கை எடுக்கும் முறை, துப்பாக்கிச் சூட்டுக்கான விதிகள் ஆகியவை ஆங்கிலேயர் காலத்தவை. விசாரணையின்றிக் காவலில் வைக்க 1950ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டம் வேறு வந்திருந்தது. இவற்றில் அடிப்படை மாற்றம் எதுவும் காமராசர் காலத்தில் செய்யப்படவில்லை. 1948 அக்டோபர் 2 முதல் மாநிலம் முழுவதும் நடைமுறையில் இருந்த மதுவிலக்கைச் செயல்படுத்துவது அன்றையக் காவலர்களின் பெரும் பணிகளுள் ஒன்று. கள்ளுக்கடை மறியலில் நின்ற இளைஞர், கள்ளிறக்குவதைத் தடுக்கும் துறைக்கு அமைச்சராக இருந்தார். தென்மாவட்டப் பனையேறிகளின் பிழைப்பை மதுவிலக்கு நேரடியாகப் பாதித்தது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

மாறியது அமைச்சரின் நடைமுறை. முதலமைச்சரின் மகிழுந்துக்கு முன்னால் ஒலியெழுப்பிச் செல்லும் காவல் வண்டியைக் கண்டதும் அந்த ஒலியை நிறுத்தச் செய்தார் என்ற செய்தி பரவலாக அறியப்பட்டது. சுற்றுப்பயணங்களில் மக்கள் தம்மை அணுகுவதைக் காவலர்கள் தடுப்பதையும் அவர் விரும்பவில்லை. இத்தகைய செய்திகள் காமராசரைப் பற்றிய நூல்களில் நிறையவே உள்ளன. ஆனால் ஒரு காவல் துறை அமைச்சரை மதிப்பிட இவை மட்டும் போதா; கீழே வரும் நிகழ்வுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு

1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் பன்னிரண்டு கோரிக்கைகளை முன்வைத்து உண்ணாநோன்பு தொடங்கினார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுவது அவற்றுள் தலையாயது. அவரும் காங்கிரசு இயக்கத்தில் உழைத்தவர். காமராசரின் சொந்த ஊர்க்காரர். இறுதியில் மதுரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. உண்ணாநோன்பை அரசுக்கு எதிரான ஆயுதமாகக் கண்டு வளர்ந்த ஒரு தலைவர், அதே ஆயுதம் தம் அரசுக்கு எதிராக எடுக்கப்பட்டபோது இசையவில்லை. பெயர் மாற்றம் 1969இல் அண்ணா தொடங்கிய தி.மு.க. ஆட்சிக் காலத்தில் நடைமுறைக்கு வந்தது.

முதுகுளத்தூர், 1957

1957 தேர்தலுக்குப் பின் உள்துறை பக்தவத்சலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. காமராசர் சாத்தூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு முதலமைச்சராகத் தொடர்ந்தார். அப்போது காங்கிரசை விட்டு விலகிப் பார்வார்டு பிளாக் தலைவராக இருந்த முத்துராமலிங்கத் தேவர், திருவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். திருவில்லிபுத்தூர் 1952இல் காமராசர் வென்ற தொகுதியாகும். தேவர் சட்டமன்ற இடத்தைத் துறந்ததால் முதுகுளத்தூரில் ஜூலையில் இடைத்தேர்தல் நடந்தது. அதையொட்டி மறவர்களுக்கும் தேவேந்திரர்களுக்கும் இடையே மோதல்கள் தொடங்கின.

செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் பணிக்கர் அமைதிக் கூட்டம் கூட்டினார். மறுநாள் இரவு, அக்கூட்டத்தில் கலந்து கொண்ட தேவேந்திரர் தலைவர் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் படுகொலை செய்யப்பட்டார். முன்னாள் படைவீரரான அவர் தீண்டாமைக்கு எதிராக அப்பகுதியில் இயங்கி வந்தவர். செப்டம்பர் 14 அன்று கீழத்தூவல் கிராமத்தில் காவல் துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் மறவர்கள் ஐவர் உயிரிழந்தனர். தொடர்ந்து பல ஊர்களில் வீடுகள் எரிக்கப்பட்டன, இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. செப்டம்பர் 28 அன்று தேவர் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் மதுரையில் கைது செய்யப்பட்டார்.

கீழத்தூவல் நிகழ்வு சட்டமன்றத்தில் கடும் விவாதத்தை எழுப்பியது. பிடித்து வைக்கப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர் என எதிர்க்கட்சியினர் குற்றம் சாட்டினர். காவலர்கள் தற்காப்புக்காகச் சுட்டனர் என அரசு கூறியது. நீதிபதியைக் கொண்ட விசாரணை வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாமல், வருவாய் வாரிய உறுப்பினர் வெங்கடேசுவரனின் விசாரணை நடந்தது. இம்மானுவேல் சேகரன் கொலை வழக்கில் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட தேவரைப் புதுக்கோட்டையில் கூடிய நீதிமன்றம் 1959 ஜனவரியில் விடுவித்தது.

ஒடுக்கப்பட்ட மக்களைப் பாதுகாக்க அரசு உறுதியுடன் செயல்பட்டது என்பார் உளர். அரசியல் எதிரியை முடக்கக் காவல் துறை பயன்படுத்தப்பட்டது என்பாரும் உளர். முதல் கூற்றுக்கு வலுவான அடிப்படை உண்டு; கலவரத்தின் தொடக்கத்தில் ஒரு தலித் தலைவரின் கொலை இருக்கிறது. ஆனால் கீழத்தூவலை ஒரு நீதிபதி விசாரித்திருந்தால் இரண்டாவது கூற்றுக்கு இத்தனை ஆண்டுகள் உயிர் இருந்திராது. 1933இல் காமராசரைக் காப்பாற்றியதும் நீதிமன்றத்தில் சான்றுகள் சோதிக்கப்பட்டதுதான்.

சட்ட எரிப்பும் கறுப்புக் கொடியும்

அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, சாதியைக் காப்பாற்றும் பிரிவுகள் அரசியலமைப்பில் இருப்பதாகக் கூறிப் பெரியார் ஈ. வெ. இராமசாமி சட்ட எரிப்புப் போராட்டம் அறிவித்தார். சட்டத்தை எரித்தால் தண்டிக்க அதுவரை தனிச் சட்டம் இல்லாததால், மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தில் அவசரமாக நிறைவேற்றப்பட்டது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் கைதாயினர்; சிலர் சிறையிலேயே இறந்தனர். பெரியார் காமராசர் ஆட்சியின் ஆதரவாளர். போராட்டத்துக்குப் பிறகும் அவர் காமராசரை ஆதரிப்பதை நிறுத்தவில்லை. 1958 ஜனவரியில் நேருவுக்குக் கறுப்புக் கொடி காட்ட முனைந்த தி.மு.க. தலைவர்களும் முன்கூட்டியே கைது செய்யப்பட்டனர்.

பதவி விலகிய பின்

1963 அக்டோபர் 2 அன்று, கட்சிப் பணிக்குத் திரும்பும் தம் திட்டத்தின்படி காமராசர் முதலமைச்சர் பதவியை விட்டார். பக்தவத்சலம் முதல்வரானார், காமராசர் அகில இந்திய காங்கிரசுத் தலைவரானார். 1965 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் போராடியபோது பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசின் மதிப்பீட்டின்படியே ஏறத்தாழ 70 பேர் இறந்தனர். இந்தியை விரைந்து புகுத்துவதில் காமராசருக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் சுட்டது அவரது கட்சியின் அரசு.

1966 நவம்பர் 7 அன்று தில்லியில் பசுவதைத் தடை கோரி நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்ற கூட்டம் கலவரத்தில் இறங்கியபோது காமராசரின் இல்லமும் தாக்கித் தீயிடப்பட்டது. அவர் உயிர் தப்பினார். அன்றும் காவல் துறை சுட்டது. உள்துறை அமைச்சர் நந்தா பதவி விலகினார்.

1967 தேர்தலில் காமராசர் தம் சொந்த ஊரான விருதுநகரில் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அறியப்பட்ட மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், வயது முப்பதுக்கும் கீழ். காமராசர் 1,285 வாக்குகளில் தோற்றார். ஒருகாலத்தில் அலிப்பூரிலிருந்து திரும்பிய இளைஞரை வரவேற்ற ஊர், இம்முறை காவல் துறையை எதிர்த்து நின்ற தலைமுறையைச் சேர்ந்த இன்னோர் இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. 1969 இடைத்தேர்தலிலும் 1971 பொதுத்தேர்தலிலும் காமராசர் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குச் சென்றார்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, அவருடன் சிறையிருந்த தலைமுறையின் தலைவர்கள் பலர் சுதந்திர இந்தியாவின் காவலர்களால் கைது செய்யப்பட்டனர். தமிழகத்தில் அப்போது தி.மு.க. ஆட்சி இருந்தது, காமராசர் கைதாகவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று சென்னையில் காலமானார். கிண்டியில் காந்தி மண்டபத்தின் அருகே அவரது நினைவிடம் உள்ளது. 1976இல் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

மாவட்டப் பெயர்

1985 மார்ச்சில் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர் பகுதிகள் அடங்கிய மாவட்டத்துக்குக் காமராசர் பெயரும், சிவகங்கையைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்துக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரும் சூட்டப்பட்டன. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் இடப்பட்டதை எதிர்த்துத் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. சட்டம் ஒழுங்கைக் காக்கும் பொருட்டு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு அவ்வாண்டு நீக்கியது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாகவும், தேவர் பெயரிலிருந்த மாவட்டம் சிவகங்கை மாவட்டமாகவும் மாறின.